ஓடு நன்றாகத்தான் இருக்கிறது

சுத்தியலின் மரப்பிடியால் படகின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தேன். மேல் ஓரத்தில் 'டொக் டொக்' என்று சுத்தமாகக் கேட்டது. ஒரு சாண் கீழே இறங்கியதும் சத்தம் மாறிவிட்டது. இஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றித் தட்டினால் நனைந்த சாக்குமூட்டையைத் தட்டுவதுபோல 'பொத்' என்றது. சித்தப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வருடம் கடலுக்குப் போன காது அது, விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "உள்ள மரம் போயிடுச்சுடா தம்பி" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

தரங்கம்பாடிக் கரையில் மூன்று மழைக்காலம் கேட்பாரில்லாமல் கிடந்த 28 அடி ஃபைபர் படகு அது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சித்தப்பாவின் கட்டுமரமும் வலைகளும் போய்விட்டன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்த நாள். எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின, பொருள் எதுவும் தப்பவில்லை. அடுத்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் இந்தப் படகைக் கொடுத்தது. அந்தச் சமயத்தில் கரை நெடுகக் கொட்டகை போட்டு ஃபைபர் படகுகளை வார்த்துத் தள்ளினார்கள். ஒரு படகு அச்சிலிருந்து கழன்ற சூட்டில் அடுத்ததற்குக் கண்ணாடி நார் மேட் விரிப்பார்கள். நன்றாகக் கட்டியதும் உண்டு, அவசரத்தில் கட்டியதும் உண்டு. எங்களுடையது இரண்டுக்கும் நடுவில். ஆனால் பதினாறு வருடம் சோறு போட்டது. முழங்கால் வலி வந்து சித்தப்பா கடலை விட்ட பிறகுதான் அது கரையேறியது.

சென்னையில் வேலை பார்க்கும் நான் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அதைப் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக மணலில் புதைந்திருக்கும். சித்தப்பா மகன் மறுபடியும் தொழிலுக்குப் போகிறேன் என்று சொன்னபோது, முதலில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அத வெட்டிப் போட்டுட்டு புதுசு வாங்கு." எனக்கு மனசு ஒப்பவில்லை. வெட்டிப் போட்டால் எங்கே போகும்? மரப்படகு செத்தால் அடுப்புக்கு விறகாகும். இரும்பு செத்தால் காயலான் கடைக்குப் போகும். ஃபைபரை எந்தக் கடைக்காரரும் எடுப்பதில்லை. அது மக்குவதும் இல்லை. எரித்தால் வரும் கரும்புகையைப் பக்கத்தில் நின்று சுவாசித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கரையில் பாதி புதைந்த ஃபைபர் ஓடுகள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் பலவற்றைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். ஓடு திடமாகத்தான் இருக்கிறது. செத்தது உள்ளே இருக்கும் மரம்தான்.

ஃபைபர் படகில் மரம் எங்கிருந்து வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். கண்ணாடி நாரும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த ஓடு இழுவைக்குப் பயங்கர வலுவானது. ஆனால் மெல்லிசாக இருந்தால் வளையும். வளையக் கூடாத இடங்களிலெல்லாம் கட்டுகிறவர்கள் உள்ளே மரத்தை வைத்து, மேலே மேட் ஒட்டி மூடிவிடுவார்கள். இஞ்சின் உட்காரும் பின்பலகைக்குள் ப்ளைவுட். அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை தரைக்கடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களில் மரம். ஆள் உட்காரும் குறுக்குப் பலகைகளிலும் மரம். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஃபைபராகத் தெரியும்.

இந்த மூடல்தான் பிரச்சினை. கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப் போடுவார்கள். தண்ணீர் ஒளிந்துகொள்ள அதில் இடமே கிடையாது. வள்ளத்துக்கு வருடா வருடம் மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசி வெயில் காட்டுவார்கள். மரம் நனையும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, காயவும் வழி விட்ட தொழில் அது. ஃபைபருக்குள் அடைத்த மரத்துக்கு அந்த வழி இல்லை. ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் போனதுதான்.

மரத்தை அழுக வைப்பது தண்ணீர் இல்லை, பூஞ்சை. பூஞ்சைக்கு மூன்று வேண்டும்: ஈரம், காற்று, கதகதப்பு. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. நம் கடற்கரையில் கதகதப்புக்குப் பஞ்சமில்லை, ஆகவே மிச்சம் இருப்பது ஈரம் ஒன்றுதான். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் படகுக்குப் பெரிய எதிரி. உப்பு பூஞ்சையை அடக்கி வைக்கும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மரக்கப்பல் கட்டியவர்கள் வங்குக்கால்களுக்கு (விலா எலும்புபோல நிற்கும் சட்டங்கள்) நடுவே கல்லுப்பைக் கொட்டி நிரப்பி வைத்ததே இதற்காகத்தான். எங்கள் படகு தினமும் கடலுக்குப் போன காலத்தில் மெதுவாகத்தான் கெட்டிருக்கும். வாய் திறந்தபடி கரையில் கிடந்து, மூன்று ஐப்பசி கார்த்திகை மழையை உள்ளே தேக்கி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் முழுசாகப் போயிருக்க வேண்டும்.

வேலையைச் சித்திரையில் ஆரம்பித்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகத்தில் எல்லா விசைப்படகும் பழுது பார்க்கக் கட்டிக் கிடக்கும். தச்சரும் ஃபைபர் மேஸ்திரியும் பகலில் கிடைக்கவே மாட்டார்கள். தெரிந்த மேஸ்திரி ஒருவர் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போக ஒப்புக்கொண்டார். பகல் வேலை முழுக்க நானும் சித்தப்பா மகனும்தான். முதல் நாள் மேஸ்திரி படகைச் சுற்றி வந்து, அடிப்பக்கத்தைக் கைமுட்டியால் தட்டி, உள்பக்கப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். நார் வெள்ளை பூத்திருந்தால் அங்கே ரெசின் விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு இடத்தில்தான் அப்படி இருந்தது. "அண்ணே, ஓடு நல்லாத்தான் இருக்கு. மரத்த மாத்திட்டா உங்க பேரன் ஓட்டுவான்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். அன்றைக்குத்தான் சித்தப்பா எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார்.

பின்பலகையின் வெளித் தோலைத் தொடாமல், உள்பக்கத்திலிருந்து திறந்தோம். வெளித் தோல் அப்படியே இருந்தால்தான் படகின் வடிவம் மாறாது. ஓரங்களில் நான்கு விரல் விட்டு, கிரைண்டரால் உள்தோலைச் சதுரமாக அறுத்தோம். அறுத்த கோட்டில் கடப்பாரையை நுழைத்து நெம்பியபோது எதிர்ப்பே இல்லாமல் முழுத் துண்டும் கையோடு வந்துவிட்டது. ஒட்டியிருந்தால்தானே எதிர்க்கும்.

உள்ளே இருந்ததை இனி எந்தக் கணக்கிலும் ப்ளைவுட் என்று சொல்ல முடியாது. புண்ணாக்கு. கையால் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் டீத்தண்ணி நிறத்தில் சாறு வடிந்தது. உப்பங்கழியில் ஊறப்போட்ட தேங்காய் மட்டையைத் தூக்கும்போது ஒரு வாடை வருமே, அதே வாடை. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு நல்ல மரம் இருந்தது, சுத்தியல் சத்தம் சொன்ன இடத்தில் சரியாக நின்றது. கீழ் மூலைகளில் வேறு மாதிரி. அங்கே ரெசினில் நன்றாக நனைந்த மரம் கல்லாக ஒட்டியிருந்தது, அதை உளியால் கொத்தி எடுக்க ஒன்றரை நாள் ஆனது.

கொத்தும்போதுதான் காரணத்தைக் கண்ணால் பார்த்தேன். போல்ட் துளைகளைச் சுற்றி அழுகல் கறுப்பாக, வட்ட வட்டமாகப் பரவியிருந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு துளை. மொத்தம் எட்டு. நான்கு, படகோடு வந்த முதல் இஞ்சினுக்குப் போட்டவை. மற்ற நான்கும் நாங்கள் போட்டவை. இடையில் ஒரு தடவை நீளத் தண்டு வைத்த வேறொரு டீசல் இஞ்சின் வாங்கினோம். அதன் தாங்கி பழைய துளைகளுக்குப் பொருந்தவில்லை. இதே கரையில் ஒரு சாயங்காலம் புதுத் துளைகள் போட்டு, போல்ட்டை முடுக்கி, மறுநாள் விடியற்காலை கடலுக்கு அனுப்பினோம். பழைய துளைகளில் வெளிப்பக்கம் மட்டும் புட்டி வைத்தோம். டார்ச் அடித்துப் பிடித்தவன் நான். துளை போட்டதும் ப்ளைவுட்டின் பச்சை மரம் உள்ளே வட்டமாகத் தெரிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மரத்தின் மேல் ஒரு துளி ரெசின் தடவியிருந்தால் போதும். இஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும், போல்ட் ஆடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே போகும். மரத்தைக் கொத்தி வெளியே போட்ட அந்த ஒன்றரை நாளும் அந்தச் சாயங்காலம்தான் கண்ணுக்குள் நின்றது.

தரையைத் திறந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளச் சட்டங்கள் இரண்டில் ஒன்று பாதி வரை போயிருந்தது. முன் பெட்டிக்குள் மிதப்புக்காக அடைத்திருந்த தெர்மோகோல் துண்டுகளைத் தூக்கினால் தண்ணீர் சொட்டியது. சட்டத்துக்கு இந்தப் பக்கம் விழுந்த மழைத்தண்ணீர் அந்தப் பக்கம் போக வழியே வைக்காமல் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அங்கேயே நின்று, நின்ற இடத்திலேயே மரத்தைத் தின்றிருக்கிறது.

எல்லாவற்றையும் எடுத்து எறிந்த பிறகு மூன்று வாரம் ஒன்றுமே செய்யவில்லை. இந்த வேலையில் பொறுமை கெடுவது இங்கேதான். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. பிடித்ததுபோல் காட்டி, அடுத்த வருடம் தோலாக உரியும். படகை மரக்கட்டைகள் மேல் தூக்கி, அணியத்தை உயர்த்தி வைத்துவிட்டு நான் சென்னை திரும்பிவிட்டேன். அக்னி நட்சத்திர வெயிலும் கச்சான் காற்றும் செய்த வேலையை எந்த மெஷினும் செய்திருக்காது.

அப்புறம் வந்தது ரெசின் பஞ்சாயத்து. மேஸ்திரிக்குப் பாலியெஸ்டர் ரெசின்தான் கைப்பழக்கம். நம் கரையில் எல்லாப் படகும் அதில்தான் கட்டப்படுகிறது, விலையும் குறைவு. இன்னொரு வகை ரெசினான எபாக்சி அதைவிடப் பல மடங்கு விலை. ஆனால் பாலியெஸ்டர் புதிதாக வார்ப்பதற்கு நல்லதே தவிர, மரத்தில் ஒட்டுவதற்கோ இறுகிப்போன பழைய ஃபைபரில் ஒட்டுவதற்கோ அவ்வளவு நம்பகமானதில்லை. எபாக்சி இரண்டிலும் பல்லைக் கடித்துப் பிடிக்கும். கடைசியில் பின்பலகைக்கும் சட்டத்துக்கும் எபாக்சி, தனியாக இருந்த சின்னச் சின்ன ஒட்டுகளுக்குப் பாலியெஸ்டர் என்று முடிவானது. பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. இரண்டையும் கலந்து வேலை செய்கிறவர்கள் இந்த ஒருவழிப் பாதையை மறக்கக் கூடாது. மேட்டும் அப்படித்தான். சாதாரண மேட்டில் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காக உள்ளது, எபாக்சியில் சரியாகக் கரையாது. எபாக்சிக்கு நெய்த ரோவிங் துணிதான் வாங்கினோம்.

பாலியெஸ்டரை முதலில் கலக்கியது நான்தான். ஒரு கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 10 கிராம், அதாவது ஒரு சதவீதம், நம் வெயிலுக்கு அதுவே போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டு சதவீதத்துக்கு மேல் ஊற்றிவிட்டேன், அதுவும் பகல் பதினோரு மணிக்கு. பாதி மேட் நனைவதற்குள் பக்கெட்டில் இருந்தது அல்வாப் பதத்துக்கு வந்து, புகைந்து, பக்கெட்டின் அடி நெளிந்துவிட்டது. ஒட்டிய துண்டையும் பிய்த்து எறிய வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரைதான் ரெசின் வேலை. ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்கவில்லை. இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்துவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகக்கூடும். கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். கிரைண்டர் பிடிக்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் தூக்கம் கிடையாது.

ப்ளைவுட்டுக்கு ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட்தான் வாங்கினோம். 303 முத்திரை உள்ளது மேசை நாற்காலிக்கானது. 18 மில்லி (மில்லிமீட்டர்) பலகை இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டி 36 மில்லி. அட்டையில் அச்சு வெட்டி, பலகையை அறுத்து, ஓரங்களுக்கு மூன்று கோட்டிங் எபாக்சி கொடுத்தோம். ப்ளைவுட் ஓரம் தண்ணீரை உறிஞ்சுவதுபோலவே ரெசினையும் உறிஞ்சும். முதல் கோட்டிங் பூசிய இடமே தெரியாமல் உள்ளே போய்விட்டது. மூன்றாவதுதான் மேலே பளபளவென்று நின்றது.

பலகையை உட்கார வைத்த காலைப்பொழுதுதான் மொத்த வேலையின் உயிர். வெளித் தோலின் உள்பக்கத்தை 40 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துடைத்து, சிலிக்காத் தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய எபாக்சியைப் பல் வைத்த கரண்டியால் வரிவரியாகப் பூசினோம். பலகையை வைத்து அழுத்தியதும், பழைய எட்டுத் துளைகள் வழியாகவே நீள மரை போட்ட கம்பிகளைச் செருகி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கட்டைகளை வைத்து முடுக்கினோம். சித்தப்பா மகன் உள்ளே, நான் வெளியே, ஒரு சுற்று அவன், ஒரு சுற்று நான். மெதுவாக நாலு பக்க ஓரத்திலும் பசை பிதுங்கி வர ஆரம்பித்தது. ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை. இடது மூலையில் இன்னும் அரைச் சுற்று முடுக்கியதும், ஒரு காற்றுக் குமிழி உடைந்து, அங்கேயும் பசை வந்தது. எங்கேயும் வெற்றிடம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. தண்ணீர் உட்கார இடம் தேடும், அந்த இடத்தைத்தான் அன்றைக்கு அடைத்தோம்.

அடுத்த நாள் உள்மூலைகளைக் கரண்டியின் பின்புறத்தால் பசை வைத்து வளைவாக்கினோம். கண்ணாடித் துணி செங்கோணத்தில் மடங்காது, தூக்கிக்கொள்ளும். விட்டு வைத்த பழைய தோலின் ஓரத்தைச் சரிவாகச் சீவ வேண்டும். தோலின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலம் அந்தச் சரிவு. 5 மில்லி தோலுக்கு 60 மில்லி. அதன்மேல் ஐந்து அடுக்குத் துணி. எபாக்சி இறுகிய பிறகு மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

துளைகளுக்கு வந்தோம். எட்டையும் 20 மில்லிக்குப் பெரிதாக்கி, அவற்றில் நார்த்துண்டு சேர்த்த எபாக்சியை முழுதாக நிரப்பி இறுக விட்டோம். வேண்டிய நான்கில் மட்டும், நடு மையத்தில் 12 மில்லித் துளை போட்டோம். இப்போது போல்ட் போகும் பாதையில் மரமே கிடையாது. சுற்றிலும் 4 மில்லிக்கு எபாக்சி வளையம். போல்ட் ஆடி, பசை விட்டு, தண்ணீர் வந்தாலும் அது இந்தப் பக்கம் வந்து விழும், மரத்தைத் தொடாது. இதற்கு ஆன கூடுதல் நேரம் ஒரு ராத்திரி. அதே சாயங்காலக் கரையில், அதே டார்ச்சோடு நின்றுகொண்டு சித்தப்பா ஒவ்வொரு துளைக்குள்ளும் விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தார். "வழுவழுன்னு இருக்குடா" என்றார்.

புதுச் சட்டத்தில் மூன்று இடத்தில் தண்ணீர் போக வழி வைத்து, அந்த வழியின் உள்சுவருக்கும் ரெசின் பூசினோம். முன் பெட்டியில் திரும்பவும் தெர்மோகோல் வைக்கவில்லை. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் அது பனிக்கட்டியாகக் கரைந்துபோகும் என்பது ஒரு பக்கம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது என்பது இன்னொரு பக்கம். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்களை அடுக்கிக் கட்டினோம். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப வைக்கலாம்.

ஆவணியில் படகு இறங்கியது. கோடாக நீலம் அடித்து, பழைய எண்ணையே திரும்ப எழுதி, அணியத்தில் மஞ்சள் பூசி எலுமிச்சை கட்டினார்கள். பத்துப் பேர் தள்ளினோம். அலையைத் தாண்டி இஞ்சினை முறுக்கியபோது நான் வேறு எங்கும் பார்க்கவில்லை, பின்பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் முறுக்கினால் பலகை உள்ளே ஒரு மூச்சு வாங்கும். இப்போது அசையவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி சென்னையில் கொட்டித் தீர்த்தது. அங்கேயும் மழையா என்று கேட்கப் போன் செய்தேன். சாயங்காலத்திலிருந்து விடவே இல்லையாம். படகு கரையில் இருக்கிறதாம். அணியத்தைத் தூக்கிக் கட்டை வைத்து, பின்னால் அடைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இருந்தாலும் சித்தப்பா முழங்கால் வலியோடு குடையைப் பிடித்துக்கொண்டு இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"உள்ள ஒரு சொட்டு நிக்கல. வுழ வுழ ஓடுது" என்றார்.